பட்டாளத்தில் சப்ளை ஆபிசராக இருந்த ஐயாவைத் தேடி நான் பட்ட பாடு

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெற்றவர், இரண்டாம் உலகப் போரில் ராணுவ சப்ளை ஆபிசராக இருந்தவர். வீட்டில் அவரைப் பற்றி இருந்த சேதி மிகக் கொஞ்சம். ரங்கூனில் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள், அதாவது ஏஜென்டுக்கு அடுத்த நிலை வரை உயர்ந்தார், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார், பிறகு பட்டாளத்துக்குப் போனார், 1946இல் திரும்பினார். எந்தப் படை, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டால் பெரியப்பச்சி கையை உதறிவிடுவார். "துப்பாக்கி பிடிச்சு சண்டையா போட்டாக? அரிசி பருப்பு நிறுத்துப் போட்டாக. அதுல எழுதி வைக்க என்ன ஆத்தா இருக்கு?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய் ஏறத்தாழ மூன்று வருஷமும் ஒரு லட்சத்துக்கு மேல் பணமும் போயின. யாராவது முன்னாலேயே வழி சொல்லியிருந்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சமாகியிருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை, அதனால் கேட்கவும் எனக்கு ஆள் இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எல்லாம் வீட்டைப் பாகம் பிரிக்கும் பேச்சில் தொடங்கியது. ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. இரண்டு பேர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். உக்கிராண அறையைக் காலி செய்தபோது ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி வெளியே வந்தது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஐயாவின் பெயரும், ஐ.இ.சி. என்று தொடங்கும் ஒரு எண்ணும். நான் அப்போது கோயம்புத்தூரில் இருந்தேன். கைபேசியில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை வைத்திருங்கள், வருகிறேன் என்று சொல்லியும், நான் வந்து சேருவதற்குள் மற்ற சாமான்களோடு சேர்த்து மொத்தமாக விலை பேசிக் கொடுத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் கேட்டதற்காக வியாபாரத்தை நிறுத்தி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று எனக்கு வந்த கோபத்தையும் அழுகையையும் இன்றும் மறக்கவில்லை. பழம்பொருள் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையின் பின்கட்டில் அதைக் கண்டுபிடித்தேன். பதினெட்டாயிரம் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். உள்ளே ரிப்பன் ஒட்டிய இரண்டு மெடல், மூட்டையில் குத்தி அரிசி மாதிரி எடுக்கும் பித்தளைக் குத்தூசி ஒன்று, ஒரு குரூப் போட்டோ, கயிறு கட்டிய கடிதக் கட்டு. இன்னொரு கட்டு இருந்ததாகவும், அதை ஸ்டாம்ப் சேகரிப்பவர் ஒருவர் வாங்கிப் போய்விட்டதாகவும் கடைக்காரர் சொன்னார். அது போனது போனதுதான்.

பாகம் பிரியப் போகிற வீடு என்றால், தேக்குத் தூணையும் நிலைக் கதவையும் விலை பேசும் முன் காகிதங்களைத் தனியே எடுத்துவிடுங்கள். பட்டாளக் கடிதத்தில் உள்ளே எழுதியதைவிட உறைக்குத்தான் மதிப்பு அதிகம். போர்க்காலத்தில் தணிக்கை இருந்ததால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று எழுத விடமாட்டார்கள். ஐயாவும் மழை, உடம்பு சுகம், பிள்ளை படிப்பு என்றுதான் எழுதியிருக்கிறார். ஆனால் உறை மேல் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரை இருக்கும், அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று தபால்தலை ஆராய்ச்சி செய்கிறவர்கள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். மதுரையில் இருக்கும் ஒரு பெரியவர் என் உறைகளைப் பார்த்து, ஒரு பைசா வாங்காமல், வரிசையாகத் தேதி போட்டு ஊர் எழுதிக் கொடுத்தார். முக்கால்வாசி, இன்றைய நாகாலாந்தில் இருக்கும் திமாப்பூர். எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊர்ப் பெயரைக்கூட அதுவரை கேட்டதில்லை.

மெடல் ரிப்பனும் பேசும். நடுவில் அகலமான சிவப்புப் பட்டை, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம பட்டைகள் என்றால் 1939–45 ஸ்டார். ரிப்பன் அழுக்காக இருக்கிறது என்று பிடுங்கிப் போட்டுப் புதிது கோக்காதீர்கள். குரூப் போட்டோவின் பின்னால் பென்சிலில் காகுல் என்றும் 1943 என்றும் இருந்தது. காகுல் இன்றைக்கு பாகிஸ்தான் ராணுவ அகாடமி இருக்கும் இடம். அந்த நாளில் அங்கே ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸின் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஐயாவின் கார்ப்ஸ் அதுதான் என்பது இப்படித்தான் தெரிந்தது. உணவு, தீவனம், பெட்ரோல், லாரி, கோவேறு கழுதை என்று படைக்கு வேண்டிய சரக்கையும் வண்டியையும் பார்த்துக்கொண்டது அந்த கார்ப்ஸ். 1935இல் ராயல் பட்டம் சேர்ந்தது, குடியரசான பிறகு அது போய் இன்று ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதன் பயிற்சி மையம் பெங்களூரில்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பட்டாளத்தில் கொஞ்சம் மேலே இருந்த எல்லோரையும் ஆபிசர் என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டில் அப்படி இல்லை. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்றால் வைஸ்ராய் கமிஷன் பெற்றவர்கள். லெப்டினன்ட், கேப்டன் என்றால் முழுக் கமிஷன் பெற்றவர்கள். போர்க்காலத்தில் அவசரமாக எடுத்தவர்களுக்கு எமர்ஜென்சி கமிஷன் என்று பெயர். எங்கள் பெட்டியில் இருந்த ஐ.இ.சி. என்பது அப்படி எடுக்கப்பட்ட இந்திய அதிகாரிகளின் எண் வரிசை. முழுக் கமிஷன் அதிகாரி என்றால் இந்தியன் ஆர்மி லிஸ்ட் என்ற அச்சுப் புத்தகத்தில் பெயர் இருக்கும். அதை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸ்தான் வழி. எந்த வகை என்று தெரியாமல் எழுதும் மனுக்கள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அலைந்தே மக்கிப்போகும். என்னுடைய முதல் மனு அப்படிப் போய், மாதக்கணக்கில் கழித்து, சம்பந்தமில்லாத பிரிவிலிருந்து ஒரு வரிப் பதிலோடு திரும்பியது.

பெயரைத் தேடுவது தனிப் பாடு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பெயரில் விலாசம், அதாவது முன்னோர் பெயர் வரிசை, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் நிற்கும். வெள்ளைக்காரன் பட்டியலில் அதெல்லாம் வெட்டுப்பட்டு முதலெழுத்தாக நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. செட்டியார் என்பதையே குடும்பப் பெயராக எண்ணி அந்தத் தலைப்பில் சிலரைப் போட்டிருக்கிறார்கள், சிலரைச் சொந்தப் பெயரில் போட்டிருக்கிறார்கள். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். எண்ணும், கார்ப்ஸும், கமிஷன் தேதியும் பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பெரிய நஷ்டம் வந்துவிட்டது. பழைய ராணுவப் பதிவுகளை எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவர், தானும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். மரியாதையாகப் பேசினார். ஐயாவைப் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான் என்பதால் எனக்கு அவர் மேல் பிரியமே வந்துவிட்டது. தவணை தவணையாக முப்பத்தெட்டாயிரம் வாங்கினார். தோல் அட்டை போட்ட ஒரு கோப்பு வந்தது. ஐயாவின் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது, சாமி அறையில் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். அது வேறு ஒரு மனிதர். அதே பெயர், மெட்ராஸ் ரெஜிமென்ட், எண் வேறு. மீதிப் பக்கங்கள் இணையத்தில் எவரும் காசில்லாமல் எடுக்கக்கூடிய கெஜட் பக்கங்கள். கேட்டபோது போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பணம் வரவில்லை. அந்த எண்ணுக்குப் பணம் போன உடனேயே பேசினால்தான் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பெட்டி எண்ணையோ மெடல் விவரத்தையோ இப்படிப்பட்டவர்களிடம் முதலிலேயே சொல்லாதீர்கள். அவர்கள் கொடுக்கும் காகிதத்தில் அந்த எண் தானாக வருகிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் இணையத்தில் இலவசம். விருதுக்குப் பரிந்துரை எழுதியிருந்தால் அது லண்டனில் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 என்ற தொகுப்பில் இருக்கும், பெயர் போட்டுத் தேடலாம், நகலுக்குச் சில பவுண்டுதான்.

அடுத்தது இங்குள்ள காகிதம். அரசு அலுவலகத்தில் ஒருவரின் பணிப் பதிவைக் கேட்டால், நீங்கள் அவருக்கு யார் என்பதுதான் முதல் கேள்வி. ஐயா 1974இல் வீட்டிலேயே காலமானார், யாரும் பதியவில்லை. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை, வாரிசுச் சான்று இல்லாமல் மனு இல்லை. ஓராண்டு கடந்துவிட்ட மரணத்தைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு எங்கே போவது? வழி காட்டியவர் எங்கள் ஊர் நகரச் சத்திரத்துக் கணக்குப்பிள்ளை. "ஆச்சி, புள்ளிக் கணக்கைப் பாருங்க" என்றார். நகரத்தாரில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி. புள்ளி வரி வாங்கிய நோட்டில் எங்கள் வீட்டுப் புள்ளி எந்த வருஷம் அரையானது என்று மையில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் நகலும், வயதான இரண்டு பேரின் வாக்குமூலமும் வைத்துத்தான் உத்தரவு வாங்கினேன். நகரத்தார் அல்லாதவர்கள் கோவில் திருப்பணி நோட்டு, மொய் நோட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய பத்திரத்தில் "காலஞ்சென்ற" என்று எழுதிய இடம் ஆகியவற்றைப் பாருங்கள். வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக அலைந்த நாட்களில் பெட்ரோல், நோட்டரி, நகல் என்று போன காசைவிட, "எதுக்கும்மா இது, பென்ஷன் வருமா?" என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டதுதான் வலித்தது. பென்ஷனுக்காகவே கேட்கிறவர்கள், இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் தமிழக அரசு கொடுக்கும் உதவித்தொகை பற்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் எங்களுக்கு அது தெரியாமல் போயிற்று.

இத்தனைக்கும் பிறகு வந்த பணிப் பதிவு சில வரிகள்தான். கமிஷன் தேதி, பெங்களூர் ஆபிசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல், விடுவிப்புத் தேதி. அவ்வளவுதானா என்று உட்கார்ந்துவிட்டேன். சப்ளை ஆபிசரின் வாழ்க்கை தனிக்கோப்பில் கிடைக்காது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவர் செய்த வேலை அவர் இருந்த டிப்போவின் தினக்குறிப்பில் இருக்கிறது. போர்க்காலத்தில் ஒவ்வொரு யூனிட்டும் வார் டைரி எழுதியாக வேண்டும். தென்கிழக்கு ஆசியப் போர்முனை டைரிகள் கியூ காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 தொகுப்பில் இருக்கின்றன. அங்கே உறுப்பினர் அட்டை இலவசம், சொந்த கேமராவில் படம் எடுப்பதும் இலவசம். நகல் கேட்டு எழுதினால் பக்கத்துக்குப் பணம். லண்டனில் படிக்கும் ஒரு சொந்தக்காரப் பையன் ஒரு நாள் முழுக்க நின்று படம் எடுத்து அனுப்பினான், ரயில் காசு மட்டும் கொடுத்தேன். ஊர்ப் பெயரும் மாதமும் தெரிந்திருந்ததால்தான் அவனால் ஒரே நாளில் முடிக்க முடிந்தது. அதைக் கொடுத்தது அந்த உறைகள்.

டைரியைப் படிக்கப் படிக்க நான் வேறு ஆளானேன். பர்மாவுக்குத் திரும்பப் போகும் பிரிட்டிஷாரின் 14ஆம் படைக்குத் திமாப்பூர்தான் தலைவாசல். பதினோரு மைல் நீளம், ஒரு மைல் அகலத்துக்குச் சரக்கு அடுக்கிய கிடங்கு. கல்கத்தாவிலிருந்து அகல ரயிலில் பார்வதிபூர், அங்கே மூட்டையை மாற்றி மீட்டர்கேஜ், பிரம்மபுத்திராவில் வண்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை, பிறகு திமாப்பூர். அங்கிருந்து மலை ஏறி கோஹிமா 46 மைல், அதற்கும் அப்பால் இம்பால். பஞ்சாபிக்கு ஆட்டா, மதராஸிக்கு அரிசி. சீக்கியருக்கு ஒரே வெட்டில் வெட்டிய ஆடு, முஸ்லிமுக்கு ஹலால், அதனால் ஆடுகளை உயிரோடு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கறி சாப்பிடாதவனுக்குப் பதிலாகப் பால். ஒரு சமையலுக்கான சரக்கு இன்னொன்றில் கலந்தால் அன்றைக்கு ஒரு கம்பெனியே பட்டினி கிடக்கும். இதற்கெல்லாம் இன்டென்ட், வவுச்சர், லெட்ஜர், ஒவ்வொரு மாலையும் இருப்பு. ரங்கூன் கடையில் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி ஐந்தொகை போட்டுப் பழகிய ஒருவரை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு விளங்கியது.

1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் இம்பால் சாலையை அறுத்தார்கள். உள்ளே ஒன்றரை லட்சம் பேர், ரேஷனைக் குறைத்தார்கள், விமானத்தில்தான் சோறு. பாராசூட்டுக்குப் பட்டும் பருத்தியும் போதாமல் கல்கத்தா சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்தார்கள். அந்த ஏற்பாடுகளுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஸ்னெல்லிங் ஐயாவின் கார்ப்ஸ்காரர். கோஹிமா விழுந்தால் அடுத்தது திமாப்பூர். அங்கே ரேஷன் வாங்கும் வாய் நாற்பத்தைந்தாயிரம், துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள் சுமார் ஐந்நூறு பேர் என்பது படைத் தளபதி ஸ்லிம்முக்குச் சொல்லப்பட்ட கணக்கு. அந்த ஏப்ரல் மாத டைரியில் டிப்போ ஆட்களுக்கு இரவுக் காவல் போட்டிருக்கிறார்கள், பகலில் வழக்கம்போல் சரக்கு பட்டுவாடா. அந்த வருஷம் பிப்ரவரியில் பர்மாவின் அரக்கான் பகுதியில் ஒரு டிவிஷனின் நிர்வாக முகாமையே ஜப்பானியர் சூழ்ந்தபோது, கிளார்க்குகளும் கழுதை ஓட்டிகளும் துப்பாக்கி எடுத்துக் காத்தார்கள். பெரியப்பச்சிக்கு இதைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் கழித்து, "எங்கட்ட ஒண்ணுஞ் சொல்லலையே ஆத்தா" என்றார்.

மே மாத ஆபிசர் பட்டியலில் ஐயாவின் பெயர், ஒரு எழுத்து பிசகி, இருந்தது. எதிரில் மலேரியா, மருத்துவமனை என்று ஒரு குறிப்பு. அதே வாரத் தேதியில் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. உடம்பு நல்ல சுகம், இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நீங்கள் விசாரப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்று இரவு தூங்கவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் அவர்களிடம் காட்டியிருப்பேனா என்று இன்னும் தெரியவில்லை.

கிடைத்ததை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, ஐந்து பங்காளி வீட்டுக்கும் ஒவ்வொரு நகல் கொடுத்திருக்கிறேன். மூலக் காகிதங்களை அமிலமில்லாத உறையில் போட்டு வைத்திருக்கிறேன். லேமினேஷன் வேண்டாம், பழைய காகிதம் அதில் கெட்டுப்போகும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. இன்னும் 1945 பாக்கி. மே மாதம் ரங்கூன் மீண்டதும் ஐயா அங்கே போயிருக்கிறார் என்பது ஒரு உறையில் தெரிகிறது. தான் வேலை பார்த்த மொகல் தெருக் கடையைப் போய்ப் பார்த்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த மாதங்களின் ரங்கூன் சப்ளை டிப்போ டைரி எண்ணைக் குறித்துக்கொண்டேன், பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் போகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் 1943 முதல் 1946 வரை முத்திரையிட்ட பட்டாள உறை எது இருந்தாலும், முன்புறமும் பின்புறமும் படம் எடுத்து, எண்ணையும் தேதியையும் தனி நோட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.